1993 ஜனவரி ஆட்சி மாற்றமும் அதில் எழுதப்படாத பக்கமும்: டென்மார்க் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

டென்மார்க்கில் பிறந்தோ சிறு வயதில் வந்து சேர்ந்தோ வளர்ந்து, இன்று அந்நாட்டின் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் கடமையாற்றும் தமிழ் இளையோருக்கும், ஹேர்னிங், கிரின்ஸ்டட், ஹொல்ஸ்டப்ரோ முதலிய ஊர்களில் தமிழ் கற்பித்துவரும் ஆசிரியர்களுக்கும் இம்மடல் எழுதப்படுகிறது.

ஒரு நாட்டின் அரசியல் தலைமை எவ்வாறு ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுகிறது என்பதைத் தேதிவாரியாகப் பதிந்து ஆராய்வது அரசியல் அறிவியலில் நன்கு வேரூன்றிய முயற்சியாகும். ஆப்பிரிக்காவின் ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளைப் பற்றி இத்தகைய பட்டியல்கள் ஏராளமாக உருவாக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு தலைவரும் பதவியேற்ற நாள், பதவி நீங்கிய நாள், நீங்கிய விதம் ஆகியன அவற்றில் இடம்பெறுகின்றன. நீங்கிய விதம் என்பதன் கீழ்த் தேர்தல் தோல்வி, பதவிக்கால வரம்பு, பதவியிலிருக்கையில் மரணம், இராணுவச் சதிப்புரட்சி, பதவி விலகல் என்ற சில வகைகள் வைக்கப்படுகின்றன. இதே அட்டவணையை டென்மார்க்குக்குப் பொருத்தினால், 1993 ஜனவரி 25 என்ற நாளுக்கு எதிரே, பழைமைவாத மக்கள் கட்சியின் போல் ஷ்லூட்டர் விலகிச் சமூக ஜனநாயகக் கட்சியின் போல் நூரூப் ராஸ்முசன் பிரதமரானார் என்றும், இடையில் தேர்தல் நடைபெறவில்லை என்றும் ஒற்றை வரி எழுதப்படும். அந்த வரி பிழையற்றது. ஆயினும் அந்த ஆட்சி ஏன் வீழ்ந்தது என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. அதன் அடியில் கிடப்பவை யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் கிழக்கிலும் இருந்த மனைவியரையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ள அனுமதி கேட்டு டென்மார்க்கில் தஞ்சம் பெற்ற தமிழர்கள் கொடுத்த விண்ணப்பங்கள்.

இந்த விவகாரம் டேனிஷ் மொழியில் ‘தமில்சாயன்’, அதாவது தமிழர் விவகாரம், என்ற பெயரால் வழங்குகிறது. டேனிஷ் அரசியல் வரலாற்று நூல்களில் அதற்கு நிலையான இடம் உண்டு. தமிழில் அதைப் பற்றி எழுதப்பட்டவை மிகச் சில. அவற்றிலும், தமிழரால் ஒரு டென்மார்க் அரசு கவிழ்ந்தது என்ற பெருமிதக் கூற்றே மேலோங்கி நிற்கிறது. அக்கூற்று உண்மையின் ஒரு பகுதியை மட்டுமே தாங்கியுள்ளது என்பதையும், விடுபட்ட பகுதியை எழுதி வைக்கும் பொறுப்பு உங்களைச் சார்ந்தது என்பதையும் எடுத்துரைப்பதே இம்மடலின் நோக்கம்.

முதலில் டென்மார்க்கில் தலைமை கைமாறும் முறையைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. அந்நாட்டின் பாராளுமன்றமான ஃபோல்கெடிங்கில் 179 உறுப்பினர்கள் உள்ளனர். அவர்களுள் இருவர் கிறீன்லாந்திலிருந்தும் இருவர் ஃபாரோ தீவுகளிலிருந்தும் தெரிவுசெய்யப்படுகின்றனர். நாடளாவிய வாக்குகளில் இரண்டு விழுக்காட்டை எட்டும் கட்சிக்கு இடம் கிடைத்துவிடுவதால், ஒரு கட்சி தனித்துப் பெரும்பான்மை பெறுவது அங்கு வழக்கமில்லை. அரசு அமைப்பவருக்குச் சாதகமாகப் பெரும்பான்மை இருக்க வேண்டும் என்ற விதியும் கிடையாது. எதிராகப் பெரும்பான்மை திரளாமல் இருந்தால் போதும். எதிர்மறைப் பாராளுமன்றமுறை என்று அறிஞர்கள் குறிப்பிடும் இவ்வேற்பாட்டினால், சிறுபான்மை அரசுகளே அங்கு பெரும்பாலும் ஆண்டுவந்துள்ளன. 1953 ஜூன் 5 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு, ஃபோல்கெடிங்கின் நம்பிக்கையை இழந்த அமைச்சர் பதவியில் நீடிக்கலாகாது என்று விதிக்கிறது. இந்நெறி எளிதில் வந்து சேர்ந்ததன்று. 1901இல் மன்னர் ஒன்பதாம் கிறிஸ்தியான், கீழவைப் பெரும்பான்மைக்கு இணங்கி அரசு அமைக்க முதன்முறையாக உடன்பட்டார். ஆயினும் 1920 மார்ச் இறுதியில் அவருடைய பேரர் பத்தாம் கிறிஸ்தியான், ஷ்லெஸ்விக் எல்லைப் பிரச்சினையில் தம்மோடு முரண்பட்ட பிரதமர் சாலவின் அரசைத் தாமாகவே நீக்கினார். தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தம் செய்யப்போவதாக எச்சரித்து, முடியாட்சியே கேள்விக்குள்ளாகிய பின்னரே மன்னர் பணிந்தார். இன்று அமைதியின் இலக்கணமாகக் காட்டப்படும் நாடு, நூறாண்டுகளுக்குச் சற்று முன்னர்வரை, ஆட்சியை யார் கைமாற்றுவது என்ற கேள்விக்கே உறுதியான விடை காணாதிருந்தது என்பது நினைவில் கொள்ளத்தக்கது.

ஷ்லூட்டர் பதவிக்கு வந்ததும் தேர்தல் வழியாக அன்று. 1982 செப்டம்பரில் பிரதமர் அங்கர் யோர்கென்சன் பொருளாதார நெருக்கடியின் நடுவே விலகியபோது, வாக்கெடுப்பு ஏதுமின்றி ஆட்சி அவரிடம் வந்தது. 1901க்குப் பிறகு பிரதமரான முதல் பழைமைவாதி ஷ்லூட்டரே. அவ்வரசில் நீதி அமைச்சரானவர் எரிக் நின்-ஹான்சன். 1983இல் ஃபோல்கெடிங் நிறைவேற்றிய வெளிநாட்டவர் சட்டம், அகதியாக ஏற்கப்பட்ட ஒருவருடைய வாழ்க்கைத்துணையும் வயதுக்கு வராத பிள்ளைகளும் அவரோடு வந்து சேர்வதைச் சலுகையாகக் கருதாமல் உரிமையாக அங்கீகரித்தது. குடும்ப ஒன்றிணைவு எனப்படும் இவ்வுரிமையைப் பொறுத்தவரை, நிபந்தனைகள் நிறைவுற்றால் அனுமதி வழங்குவது அதிகாரிகளின் கடமை ஆகிறது; அமைச்சரின் விருப்பத்துக்கு அதில் இடமில்லை. அதே ஆண்டு ஜூலையில் இலங்கையில் தமிழர் மீது நடத்தப்பட்ட படுகொலைகளைத் தொடர்ந்து புறப்பட்டவர்களுள் ஒரு பகுதியினர், எண்பதுகளின் நடுவில் டென்மார்க்கை வந்தடைந்தனர். பெரும்பாலும் இளம் ஆண்களே முதலில் வந்தனர்; குடும்பங்கள் ஊரில் காத்திருந்தன.

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே. ஆர். ஜெயவர்த்தனவும் கொழும்பில் ஒப்பந்தம் கைச்சாத்திட்டனர். போர் முடியப்போகிறது, அகதிகள் திரும்பிவிடலாம் என்ற எதிர்பார்ப்பை முன்னிறுத்தி, அவ்வாண்டு செப்டம்பரில், ஃபோல்கெடிங் தேர்தல் முடிந்த சிறிது காலத்துக்குள், தமிழ் அகதிகளின் குடும்ப ஒன்றிணைவு விண்ணப்பங்களைக் கையிலெடுக்க வேண்டாம் என்று நின்-ஹான்சன் வெளிநாட்டவர் திணைக்களத்துக்குப் பணித்தார். சட்டம் திருத்தப்படவில்லை, பாராளுமன்றத்துக்கு அறிவிக்கப்படவும் இல்லை. விண்ணப்பங்கள் மறுக்கப்பட்டிருந்தால் மேன்முறையீடு செய்யவோ நீதிமன்றத்தை நாடவோ வழி பிறந்திருக்கும். அவை வெறுமனே அடுக்கின் அடியில் கிடத்தப்பட்டதால், எதிர்த்து வழக்காடுவதற்கான முடிவே இல்லாமற் போயிற்று. நிர்வாகக் கொடுமையின் மிகத் தந்திரமான வடிவம் இதுவென்றே கருத வேண்டும். ஒப்பந்தம் கைச்சாத்தான மூன்று மாதத்துக்குள், 1987 ஒக்டோபரில், இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் வெடித்தது. அம்மாதம் 21ஆம் திகதி யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியரும் கொல்லப்பட்டனர். அமைதி வருகிறது என்ற காரணம் பொய்த்துப்போன பின்னரும் கட்டளை மீளப்பெறப்படவில்லை. 1989 ஜனவரியில் நின்-ஹான்சன் அமைச்சிலிருந்து விலகி ஃபோல்கெடிங்கின் சபாநாயகராகும்வரை அது நீடித்தது.

இதை வெளிக்கொணர்ந்த பொறிமுறையில் முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது ஒம்புட்ஸ்மன் என்ற பதவியாகும். அரசு நிர்வாகத்தின் மீது குடிமக்களும் குடியுரிமை அற்றவர்களும் முறைப்பாடு செய்யவும், அதைப் பாராளுமன்றத்தின் சார்பில் சுயாதீனமாக விசாரிக்கவும் ஏற்படுத்தப்பட்ட இப்பதவி, சுவீடனில் 1809ஆம் ஆண்டின் அரசியலமைப்போடு தோன்றியது. டென்மார்க்கில் 1955இல் ஸ்டீபன் ஹுர்விட்ஸ் முதலாவது ஒம்புட்ஸ்மனாகத் தெரிவானபோது, பல நாடுகள் பின்பற்றும் நவீன வடிவத்தைப் பெற்றது. தண்டிக்கும் அதிகாரமோ கட்டளையிடும் அதிகாரமோ அவருக்கு இல்லை. கோப்புகளைக் கேட்டு வாங்கிப் படித்து, கண்டதைப் பகிரங்கமாக எழுதும் அதிகாரம் மட்டுமே உண்டு. அப்போது அப்பதவியிலிருந்த ஹான்ஸ் கம்மெல்டொஃப்ட்-ஹான்சன் 1989 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை, தமிழரின் விண்ணப்பங்கள் கையாளப்பட்ட முறையைக் கடுமையாகக் கண்டித்தது. ஆனால் 1989 ஏப்ரல் 25 அன்று ஃபோல்கெடிங்கில் நடந்த விவாதத்தில், எதுவும் கம்பளத்தின் கீழ் கூட்டித் தள்ளப்படவில்லை என்று பிரதமர் ஷ்லூட்டர் உறுதி கூறினார். டேனிஷ் அரசியலில் இன்றுவரை மறக்கப்படாத அவ்வாசகமே நான்காண்டுகள் கழித்து அவருடைய பதவியைப் பறித்தது.

1990இல் உச்ச நீதிமன்ற நீதிபதி மொகன்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையில் விசாரணை நீதிமன்றம் ஒன்று அமைக்கப்பட்டது. யாரையும் தண்டிப்பது அதன் வேலையன்று. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் சாட்சியாக அழைத்து, யார் எப்போது எதை அறிந்திருந்தனர் என்பதை நிறுவுவதே அதன் பணி. கட்டளை பிறந்ததற்கும் விசாரணை முடிந்ததற்கும் இடையே 1988 மேயிலும் 1990 டிசம்பரிலும் இரு பொதுத்தேர்தல்கள் நடந்தன என்பதும், இரண்டிலும் ஷ்லூட்டரே பிரதமராகத் தொடர்ந்தார் என்பதும் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியவை. வாக்குப்பெட்டி இந்தப் பிழையைத் திருத்தவில்லை. பாதிக்கப்பட்டோருக்குப் பாராளுமன்றத் தேர்தலில் வாக்கே இருக்கவில்லை. 1993 ஜனவரி 14 அன்று ஹோர்ன்ஸ்லெட்டின் அறிக்கை கையளிக்கப்பட்டது. விண்ணப்பங்களை நிறுத்தியது சட்டவிரோதம் என்றும், ஃபோல்கெடிங்குக்குப் பிரதமர் தந்த தகவல் தவறான எண்ணத்தை உண்டாக்கியது என்றும் அது முடிவுசெய்ய, அதே நாளில் ஷ்லூட்டர் பதவி விலகலை அறிவித்தார்.

அடுத்து நடந்தவை டேனிஷ் முறையை நன்கு விளக்குகின்றன. தமக்குப் பின் தம் கட்சியின் நிதியமைச்சர் ஹென்னிங் டூரமோஸ பொறுப்பேற்க வேண்டும் என்று ஷ்லூட்டர் விரும்பினார். ஆனால் பிரதமர் தமக்கு விருப்பமானவரிடம் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போக அங்கு இயலாது. கட்சிகள் ஒவ்வொன்றும் அரச மாளிகைக்குச் சென்று, அரசமைக்கும் பேச்சுவார்த்தையை யார் முன்னின்று நடத்த வேண்டும் என்ற தம் பரிந்துரையை முடியிடம் தெரிவிக்கும் வழக்கமே தீர்மானிக்கும்; அன்று அது ‘அரசியின் சுற்று’ எனப்பட்டது. 1988 முதல் 1990 வரை ஷ்லூட்டரின் கூட்டணியில் அமர்ந்திருந்த ரடிக்கால வென்ஸ்ட்ர கட்சி, மரியான யெல்வெட்டின் தலைமையில் இப்போது சமூக ஜனநாயகக் கட்சியின் பக்கம் திரும்பியது. ஜனவரி 25 அன்று நான்கு கட்சிகளின் கூட்டணியோடு நூரூப் ராஸ்முசன் பதவியேற்றார். 1971க்குப் பிறகு டென்மார்க்கில் பெரும்பான்மை பெற்ற முதல் அரசு அதுவே. பதினொரு நாட்களில், ஒரு வாக்கும் போடப்படாமல், பத்தாண்டுக்கு மேல் நீடித்த ஆட்சி மாறிவிட்டது.

நின்-ஹான்சன் மீதான நடவடிக்கை மேலும் சென்றது. அமைச்சர்கள் தம் பதவிக் கடமையை வேண்டுமென்றோ கடும் அசட்டையாலோ மீறினாலும், பாராளுமன்றத்துக்குப் பொய்யான அல்லது திசைதிருப்பும் தகவலைத் தந்தாலும் தண்டிக்கப்படலாம் என்று 1964ஆம் ஆண்டின் அமைச்சர் பொறுப்புச் சட்டம் கூறுகிறது. அவ்வழக்குகளை விசாரிப்பது ரிக்ஸ்ரெட் எனப்படும் தனி நீதிமன்றம். உச்ச நீதிமன்ற நீதிபதிகளும், அவர்களுக்குச் சம எண்ணிக்கையில் ஃபோல்கெடிங் நியமிக்கும் உறுப்பினர்களும் அதில் அமர்வர். 1910க்குப் பிறகு கூடாதிருந்த அந்நீதிமன்றம், 1995 ஜூன் 22 அன்று, நின்-ஹான்சனைக் குற்றவாளியெனக் கண்டு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. அவர் ஸ்ட்ராஸ்பூர்க் மனித உரிமை நீதிமன்றத்தில் தொடுத்த முறையீடும் 1999இல் நிராகரிக்கப்பட்டது.

இவ்வளவும் படித்தபின், டென்மார்க் போன்ற நாடுகளில் தலைமை சட்டத்தால் மாறுகிறது, ஆப்பிரிக்காவிலோ துப்பாக்கியால் மாறுகிறது என்று முடிவுகட்டிவிடுவது எளிது. உங்கள் பாடநூல்களும் செய்திகளும் அம்முடிவுக்கே உங்களை இட்டுச்செல்லக்கூடும். அது தவறான முடிவு. டென்மார்க்குக்கும் ஆப்பிரிக்க ஆட்சி வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பே உண்டு: கோப்பன்ஹேகனில் ஃபோல்கெடிங் அமர்ந்துள்ள மாளிகையின் பெயர் கிறிஸ்தியான்ஸ்போர்க்; கானாவின் தலைநகர் அக்ராவில், அடிமை வணிகத்துக்காக டேனியர் பதினேழாம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்து 1850இல் பிரித்தானியருக்கு விற்ற கோட்டைக்கும் கிறிஸ்தியான்ஸ்போர்க் என்றே பெயர். ஓசு கோட்டை என்று இன்று அழைக்கப்படும் அக்கட்டடம், சுதந்திர கானாவின் அரசு மையமாக நெடுங்காலம் விளங்கியது. 1966இல் குவாமே இன்க்ருமா இராணுவத்தால் அகற்றப்பட்டதும், அதன்பின் வந்த சதிப்புரட்சிகளும் கானாவின் வரலாற்றின் ஒரு பக்கம். 2001, 2009, 2017, 2025 ஆகிய நான்கு ஜனவரிகளில், தேர்தலில் தோற்ற கட்சி வென்ற கட்சியிடம் ஆட்சியை ஒப்படைத்தது மறுபக்கம். 2008இன் இறுதியில் வெற்றி தோல்விக்கிடையிலான வேறுபாடு அரை விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தபோதும் அது நடந்தது.

மாலி, கினியா, புர்கினா ஃபாசோ, நைஜர், காபோன் என்று 2020க்கும் 2023க்கும் இடையில் இராணுவம் ஆட்சியைப் பிடித்த நாடுகளின் பெயர்கள் செய்திகளில் அடிக்கடி வருகின்றன, அவை கவலைக்குரியவையே. எனினும் 1993 டென்மார்க்கோடு ஒப்பிடத்தக்கவை அவையல்ல. டேனிஷ் முன்மாதிரி பரவிய காலத்திலேயே, 1966இல், தான்சானியா நிர்வாக முறைப்பாடுகளை விசாரிக்கும் நிரந்தர ஆணைக்குழுவை ஏற்படுத்தி, ஆப்பிரிக்காவில் ஒம்புட்ஸ்மன் மரபைத் தொடங்கிவைத்தது. தென்னாப்பிரிக்காவின் பொதுமக்கள் பாதுகாவலர் என்ற பதவி அம்மரபிலேயே வருவது. அதை வகித்த துலி மடொன்செலா, இன்கன்ட்லாவிலிருந்த ஜனாதிபதி ஜேக்கப் சூமாவின் சொந்த இல்லத்துக்குச் செலவிடப்பட்ட அரசுப் பணம் பற்றி 2014இல் அறிக்கையிட்டார். அவருடைய தீர்வு நடவடிக்கைகள் ஜனாதிபதியைக் கட்டுப்படுத்தும் என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016 மார்ச் 31 அன்று தீர்ப்பளித்தது. 2018 பெப்ரவரியில் சூமா விலகினார். டேனிஷ் ஒம்புட்ஸ்மனுக்கு இல்லாத கட்டுப்படுத்தும் வலு தென்னாப்பிரிக்கப் பதவிக்கு அத்தீர்ப்பினால் உறுதியாயிற்று. மலாவியில் 2019 ஜனாதிபதித் தேர்தலின் முடிவுத் தாள்களில் திருத்த மை பூசப்பட்டிருந்ததை ஆராய்ந்த நீதிபதிகள், 2020 பெப்ரவரியில் அத்தேர்தலை இரத்துச் செய்தனர்; அவ்வாண்டு ஜூனில் நடந்த மறுதேர்தலில் லாசரஸ் சக்வேரா வென்றார்; 2025இல் அவரே தோற்று, பீட்டர் முத்தாரிக்காவிடம் ஆட்சியைத் திருப்பிக் கொடுத்தார். இலங்கையிலிருந்து வந்த பெற்றோருக்கு 2018இன் இறுதியில் நிகழ்ந்ததும் நினைவிருக்கும்: மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கிய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பின்னர் பாராளுமன்றத்தைக் கலைத்ததை, டிசம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் ஏகமனதாகச் செல்லாததாக்கியது. ஆகவே தலைமை மாற்றத்தைத் தொடர்ந்து கவனிப்பவர் கேட்க வேண்டிய கேள்வி, தேர்தல் நடந்ததா என்பதோடு முடிவதில்லை. ஆள்பவரின் கோப்பைத் திறந்து படிக்கும் உரிமை யாருக்கு உண்டு, படித்ததை எழுதினால் ஆள்பவருக்கு என்ன நேரும் என்பவையே ஆழமான கேள்விகள்.

இந்த இடத்தில் பெருமிதக் கூற்றுக்குத் திரும்ப வேண்டியுள்ளது. 1993இல் ஷ்லூட்டர் வீழ்ந்தது தமிழ்க் குடும்பங்கள் துன்புற்றதற்காக அன்று. பாராளுமன்றத்திடம் உண்மை மறைக்கப்பட்டதற்காகவே. டேனிஷ் அரசமைப்பு தன் பாராளுமன்றத்தின் அறியும் உரிமையைக் காத்துக்கொண்டது. அதில் தமிழர் அடைந்த பயன் உடன்விளைவு. இவ்வாறு சொல்வது அந்நாட்டின் சிறப்பைக் குறைப்பதாகாது. அது தன் அமைச்சரைச் சட்டத்தின் முன் நிறுத்தியது; பிரதமரைப் பதவி விலகவைத்தது. ஆனால் பின்னர் நடந்தவற்றைப் பார்த்தால், அந்தக் காப்பின் எல்லை எதுவென்று புலப்படும். 2001 நவம்பர் தேர்தலில் குடிவரவே முதன்மைப் பொருளாகி ஆட்சி மாறியது. 2002இல் வாழ்க்கைத்துணையை அழைக்க இருவருக்கும் 24 வயது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2016இன் தொடக்கத்தில், தற்காலிகப் பாதுகாப்புப் பெற்ற அகதிகள் குடும்பத்தை அழைக்க மூன்றாண்டுகள் காத்திருக்க வேண்டுமெனச் சட்டமே இயற்றப்பட்டது. 1987இல் அமைச்சர் மறைவாகச் செய்தபோது குற்றமாக இருந்த காத்திருப்பு, வெளிப்படையாக வாக்கெடுத்துச் செய்தபோது சட்டமாகிவிட்டது. சிரியாவிலிருந்து வந்த அகதி ஒருவர் தொடுத்த வழக்கில், 2021 ஜூலை 9 அன்று ஸ்ட்ராஸ்பூர்க் நீதிமன்றத்தின் பேரவை அது குடும்ப வாழ்வுக்கான உரிமையை மீறுகிறது என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது.

அதே ஆண்டு டிசம்பர் 13 அன்று ரிக்ஸ்ரெட் மீண்டும் ஓர் அமைச்சரைத் தண்டித்தது. ஒருவர் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவராயிருந்த அகதி இணையர்களை, தனித்தனி ஆய்வின்றிப் பிரித்து வைக்க 2016இல் பணித்ததற்காக, முன்னாள் குடிவரவு அமைச்சர் இங்கர் ஸ்டோய்பெர்க்குக்கு அறுபது நாள் சிறை விதிக்கப்பட்டது. அவ்விவகாரமும் பிரிக்கப்பட்ட இணையரின் முறைப்பாடு ஒன்று ஒம்புட்ஸ்மனிடம் சென்றதிலிருந்தே தொடங்கியது. இரண்டு வழக்குகளிலும் பாதிக்கப்பட்டோர் அகதிகளாகவும், வாக்கற்றவர்களாகவும், குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டவர்களாகவும் இருந்தது தற்செயலன்று. அதிகாரம் வரம்பு மீறத் துணியும்போது எதிர்த்துப் பேச வலுவற்றவரையே முதலில் தேர்ந்தெடுக்கிறது. தமிழர் விவகாரத்தின் பாடம் டேனிஷ் நிர்வாகத்தில் முற்றாக மறக்கப்படவும் இல்லை: 1999இல் விசாரணை ஆணைக்குழுக்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது, 2015இல் மத்திய நிர்வாகத்தின் ஏழு அடிப்படைக் கடமைகளைத் தொகுத்த நெறிக்கோவை வெளியாயிற்று, சட்டத்துக்கு உட்பட்டிருத்தல், உண்மை பேசுதல் என்பவை அவற்றுள் அடங்கும்.

ஆனால் இந்த அறிக்கைகளிலும் சட்டங்களிலும் தீர்ப்புகளிலும் காணக் கிடைக்காத ஒன்று உண்டு. அமைச்சர் எந்த நாளில் எந்த அதிகாரியிடம் என்ன சொன்னார் என்பது ஹோர்ன்ஸ்லெட்டின் அறிக்கையில் விரிவாகப் பதியப்பட்டிருக்கிறது. அந்த நாட்களில் மானிப்பாயிலோ மட்டக்களப்பிலோ காத்திருந்த ஒரு தாய் எங்கே ஒளிந்திருந்தாள், யாரிடம் கடன் வாங்கிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள், கொழும்புக்கு எத்தனை சோதனைச் சாவடிகளைக் கடந்து போனாள் என்பது எங்கும் பதியப்படவில்லை. டென்மார்க்கின் சிற்றூர் ஒன்றில் டேனிஷ் பாடத்தையும் வேலையையும் முடித்து அறைக்குத் திரும்பிய கணவன், பதில் வராத கடிதத்துக்கு என்ன காரணம் கற்பித்துக்கொண்டான் என்பதும் பதியப்படவில்லை. உங்களுள் பலர் அந்தக் காத்திருப்பின் முடிவில் கோப்பன்ஹேகன் விமான நிலையத்தில் வந்திறங்கிய பிள்ளைகள். வேறு பலர் அதற்குப் பின் பிறந்தவர்கள். காத்திருந்தவர்கள் இன்று அறுபதையும் எழுபதையும் கடந்துவிட்டனர். டென்மார்க்கின் ஆவணக் காப்பகச் சட்டப்படி, தனிநபர் விவரங்கள் அடங்கிய அரசுக் கோப்புகள் பொதுவாக 75 ஆண்டுகளுக்கு மூடப்பட்டிருக்கும். சிறப்பு அனுமதி பெற்றாலன்றி, 1987ஆம் ஆண்டின் கோப்புகளை ஆய்வாளர்கள் பொதுவில் பார்க்கக்கூடிய காலம் 2062ஐ ஒட்டியே வரும். அப்போது கோப்பு இருக்கும். அதைப் பற்றிப் பேச ஒருவரும் இருக்க மாட்டார்.

எனவே செய்ய வேண்டியவை தெளிவானவை. பெற்றோரிடமும் பெரியம்மா பெரியப்பாமாரிடமும் மாமாமாரிடமும் அமர்ந்து, 1986 முதல் 1989 வரையான ஆண்டுகளைப் பற்றிக் கேட்டு, அவர்கள் பேசும் தமிழிலேயே ஒலிப்பதிவு செய்யுங்கள். தேதி தெரியாவிட்டால் தைப்பொங்கலுக்கு முன்னா பின்னா, ஹெலிகொப்டர் சுட்ட நாளுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் நினைவு வரும். திணைக்களம் அனுப்பிய கடிதங்கள், உறைகள், கடவுச்சீட்டுகள், வதிவிட அனுமதித் தாள்கள் ஆகியவற்றை வீடு மாறும்போது எறிந்துவிடாதீர்கள். தம்மைப் பற்றிய அரசுக் கோப்பைப் பார்க்கக் கேட்கும் உரிமை உரியவருக்கு இருப்பதால், விண்ணப்பித்தவர் உயிரோடிருக்கையிலேயே அவர் பெயரில் கேட்டு எழுதுங்கள். சேர்ந்தவற்றை ஃபாரூமிலுள்ள குடிவரவு அருங்காட்சியகமும், அரச ஆவணக் காப்பகமும், அந்தந்த ஊரின் உள்ளூர் ஆவணக் காப்பகமும் பெற்றுப் பாதுகாக்க முடியும். யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்ற நிபந்தனைகளைக் கொடுப்பவரே பேசித் தீர்மானிக்கலாம். தமிழ்ப் பாடசாலைகளின் மேல்வகுப்புகளில் ஓர் ஆண்டின் கட்டுரைப் பணியாக இதையே கொடுக்க ஆசிரியர்கள் முன்வர வேண்டும். கோயில்களும் மன்றங்களும் முதியோர் கூடும் நாட்களில் ஒரு மேசையும் ஒலிப்பதிவுக் கருவியும் வைக்க இடம் தர வேண்டும். இந்த ஆண்டே தொடங்குங்கள். முதலில், உங்கள் சமூகத்தில் வயதில் மூத்தவரிடமிருந்து தொடங்குங்கள்.